சுவரில் போட்டோ இல்லாதவர்கள்

அன்பு மகள் சுபலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி தமிழ்மாறன் மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் அண்டாமல் இருக்கக் கருப்பசாமி துணை நிற்கட்டும். வாராவாரம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். நீ பேசும்போதெல்லாம் தம்பி பக்கத்தில் இருக்கிறான், இந்த வீட்டில் ஓர் அறையில் இருமினால் அடுத்த அறையில் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது, டீக்கடைக்குப் போகும்போது மட்டும் வலிக்காதாம். மழை ஏமாற்றிவிட்டது, பருத்தி கருகிவிட்டது, இந்த வருஷம் ஒன்றும் தேறாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நூலகத்துக்கு மாடி எடுத்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு கூடம் போடலாமா என்று மேலதிகாரிகள் ஆதாரத்தோடு அறிக்கை கேட்டார்கள் அல்லவா, வாசிப்புக் கூடம் பயனுள்ளதாக இருக்கிறதா என்று படிக்க வருகிற பிள்ளைகளுக்குத் தாள் அடித்துக் கொடுத்தேன், அத்தனை பேரும் ஆமாம் என்று டிக் போட்டார்கள். பெருமையாக உன்னிடம் சொன்னால், இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா, உன் எதிரில் உட்கார்ந்துகொண்டு எவன் இல்லை என்று எழுதுவான், யாருக்கு, எதனால், யாரோடு ஒப்பிட்டால், என்ன ஆனது, இந்த நாலும் இருந்தால்தான் அது கேள்வி என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் நூலகம் நடத்துகிறவளுக்கு என் வயிற்றில் பிறந்தது பாடம் எடுக்கிறது என்று அப்பாவிடம் கத்தினேன், அவர் "அவ படிச்சதே இந்த ஆராய்ச்சிப் படிப்புதான், விடு புள்ள" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார். கோபம் ஆறிய பிறகு நீ சொன்னபடியே எழுதிப் பார்த்தேன். நம் கூடத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து படித்தவர்கள், அவர்களோடு டிகிரி முடித்து நேராக வேலைக்குப் போனவர்களைவிட இன்றைக்கு நன்றாக இருக்கிறார்களா? எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிர்ச் சுவர் முழுக்கத் தேறினவர்கள் போட்டோ, வி.ஏ.ஓ., போலீஸ், கிளார்க் என்று எல்லோரும் மாலையோடு சிரிக்கிறார்கள். வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் அந்தச் சுவரைத்தான் காட்டி வந்திருக்கிறேன். தேறாமல் எழுந்து போனவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அவர்கள்தான் அதிகம்.

அவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தேன். சோணை, எப்போதும் வாசல் பக்கம் உட்காருவானே, அவன் திருமங்கலத்தில் பெட்ரோல் பங்கில் நிற்கிறான். "அங்கன உக்காந்திருந்தா அடுத்த தடவை கெடைச்சிரும்னே தோணும் மேடம், படிக்கப் போறான்னு வீட்லயும் ஒண்ணும் கேக்க மாட்டாக, அப்பிடியே வயசு ஓடிப்போச்சு" என்றான், குரலில் கோபம்கூட இல்லை. முத்துமீனா காளவாசலில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள், அவள் "கல்யாணத்தத் தள்ளிப்போடத்தான் மேடம் வந்தேன், அம்புட்டு நிம்மதியா அப்புறம் நான் இருந்ததே இல்ல" என்று அழுதாள். அதனால் கூடமே வேண்டாம் என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. பிறகு சுருளிக்குப் போட்டேன், எடுத்தது அவன் அம்மா. "அவென் போயிட்டானே தாயி, ஒங்களுக்கு யாருஞ் சொல்லலையா" என்றார்கள். கடைசிப் பரீட்சையின் முடிவு வந்த அன்று தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருக்கிறான், எனக்குத் தெரியாது சுபா. அவன் வராமல் நின்றதும் எங்கேயோ வேலை கிடைத்துவிட்டது, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான் பார் என்று குறைப்பட்டுக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே இருந்த அவன் நாற்காலியை வேறு பையனுக்குக் கொடுத்தேன். கொடுத்தது உன் தம்பிக்குத்தான்.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், மாடி வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், ஆனால் நாற்காலி போடுகிற நாமே அவர்களிடம் பேசவும் ஓர் ஆளைப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். தம்பியும் அங்கே உட்கார ஆரம்பித்து ஆறாவது வருஷம், வேலைக்குப் போகிறேன் என்றவனைப் படி என்று கூட்டிப்போனது நான்தான். இப்போதெல்லாம் வீட்டுக்கு யாராவது வந்தால் பின்பக்கமாகப் போய்விடுகிறான், அவன் வயசுப் பையன்கள் கல்யாணத்துக்குப் போவதில்லை, தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். நேற்று மேசையில் கிடந்த என் கேள்வித்தாளை எடுத்து நிதானமாகப் படித்தான். "ஏம்மா, எனக்கு எப்பப் போன் போடுவ?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான், நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பரீட்சை எப்போது, முடிவு எப்போது என்று அவனிடம் கேட்காதே, நல்லா சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல், ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே இறங்காதே, ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் நெடுநாள் வாழ வேண்டும். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டுவிட்டேன், இவனிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. அடுத்த அறையில்தான் இருக்கிறான், கதவு சாத்தியிருக்கிறது. இதை ஒட்டி வைத்துவிட்டுப் போய்த் தட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாண்டீஸ்வரி