பேஸ் கித்தாருக்குப் படித்த ஒப்பாரி

பலேர்மோ
12.01.1997

அன்பின் அத்தான்,

மாதா காவலில் நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதோ, எழுதவும்.

பேத்தி றம்யாவின் பேஸ் கித்தாருக்குப் புது பிக்கப் பூட்டியாயிற்று. கம்பியின் சத்தத்தை ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற சாமான் அது. பழையது இரைந்ததால் கோயில் பாட்டுக்குழுவில் அவளைச் சேர்க்கவில்லை. இதுவும் இரைந்தால் பெரிய வெள்ளிக்கும் அவள் சனத்தோடு வாங்கில் இருக்கவேண்டியதுதான்.

நேற்று இங்கே கால்சாப் பகுதியில், கித்தார் செய்த தோத்தோவின் கடையில் சோதித்தோம். அவள் படபடவென்று தட்டியதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் பெரிய வெள்ளி ஒப்பாரி படிக்கிறன், நீ கீழ்ச்சுரத்தைப் பிடி."

"கடைக்குள்ளையோ அம்மம்மா? வெக்கமாக் கிடக்கு."

படித்தேன். நான் மூச்செடுத்த இடத்திலும் கம்பியின் சுரம் இரைச்சலில்லாமல் தொடர்ந்தது. தெருவில் போன இரண்டு இத்தாலிப் பொம்பிளைகள், சிஞ்ஞோராக்கள், செத்தவீடென்று நினைத்து உள்ளே வந்து சிலுவை போட்டார்கள். "இந்தப் பிக்கப்பே இருக்கட்டும்" என்றேன்.

அறுபத்தோராம் ஆண்டு ஊர்க் கோயிலில், ஆம்பிளைக் குரலென்று உங்கள் தங்கை மரியமலர் என்னை ஒப்பாரிப் பாட்டிலிருந்து விலக்கினாள். நீங்களும் பேசாமல் நின்றீர்கள். அந்தக் குரலுக்கு இப்போது சோடி கிடைத்துவிட்டது.

ஒப்பாரியின் முதலடியைப் படித்து கசெற்றில் அனுப்புங்கோ. சொல்லெல்லாம் எனக்குப் பாடம், உங்கள் குரல்தான் இஞ்சை இல்லை. மரியமலரின் இருமல் விழுந்தால் அழித்துவிட்டுத் திரும்பப் படியுங்கோ.

வேலைக்கு நேரமாயிற்று, ஓடுகிறேன்.

ஞானசீலி