சேலைக்கு வெள்ளைச் சப்பாத்து

என் அன்பான தவமணி மச்சாளுக்கு,

போன இடத்தில் முழங்கால் நோவு இல்லாமல் இருப்பீர்கள். எனக்கு இங்கே இருக்கிறது, அதோடுதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை பார்க்காதீர்கள். நான் படித்த அழகு உங்களுக்குத் தெரியும்தானே.

இந்தக் குளிர் ஊர் வோபர்னில் நாங்கள் நடந்த கடைத்தொகுதி மோல் அப்படியே இருக்கிறது. கடைகள் திறக்க முன்னமே கதவைத் திறந்து விடுகிறார்கள். வெளியே பனி உறைந்து வழுக்கும் காலத்தில், சேலைக்குக் கீழே காலில் வெள்ளைச் சப்பாத்தோடு உள்ளே சுற்றிச் சுற்றி வருவோமே. வீட்டு வேலை செய்கிறவளுக்கு எதற்கு எக்சசைஸ் என்று கேட்டவள் நான். "கை வீட்டுக்கு வேலை செய்யட்டும், கால் எங்களுக்கெண்டு நடக்கட்டும்" என்று இழுத்துக்கொண்டு போனவர் நீங்கள்.

பிறகு உங்கள் மனுசன் கண்ணை மூடி மோசம் போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் டொக்டர் நடக்கச் சொன்னார், நடந்தோம். அதை எங்கள் கோயிலுக்கு வருகிற புவனேஸ் கண்டுவிட்டாள். கோயில் அன்னதானப் பந்தியில் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாள்: "மனுசன் செத்து ஒரு வருசமாகேல்லை, ஆட்டைத்திவசம் முடியேல்லை, தவமணியக்கா சப்பாத்துப் போட்டு உலாத்துறா." அவள் கட்டியிருந்த மாம்பழ நிறச் சேலையும் எனக்கு ஞாபகம், கையில் இருந்த பாதி வடையும் ஞாபகம்.

நீங்கள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழுவிக் காயவைத்துப் பெட்டிக்குள் வைத்தீர்கள். பிறகு வீட்டுக்குள்ளே சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தீர்கள். ஆட்டைத்திவசம் முடிந்தும் வெளிக்கிடவில்லை. ஏன் மச்சாள், ஒருத்தியின் வாய்க்கா அவ்வளவு பயம்? அந்தச் சொல்தான் உங்கள் நெஞ்சை அடைத்து உயிரைக் கொண்டுபோனது என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் மறக்கவும் எனக்குத் தெரியாது.

இப்போது புதினத்தைக் கேளுங்கள். போன கிழமை அதே மோல் வாசலில் புவனேஸ் நிற்கிறாள். காலில் புதுச் சப்பாத்து. இரத்தத்தில் சீனி கூடின வருத்தமாம், நடக்கச் சொல்லி டொக்டர் ஏசினாராம், தனிய நடக்க வெட்கமாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்து மெல்லச் சொன்னாள்.

"அக்கா, அண்டைக்கு எனக்கு எரிச்சல். என்ரை மனிசன் என்னை வாசல் தாண்ட விடமாட்டார். நீங்கள் ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு நடந்தியள்."

"இதைத் தவமணி மச்சாளிட்டையல்லோ சொல்லியிருக்க வேணும்" என்றேன். அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அது தெரிவதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். அவள் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து இழுபட்டது. "கட்டிப்போட்டு வாரும்" என்று சொல்லி நின்றேன்.

மச்சாள், அவளை மன்னிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். மாட்டேன். ஆனால் நாளைக்கும் கூட்டிக்கொண்டு நடப்பேன், அதற்கடுத்த நாளும் நடப்பேன். வலப்பக்கம் அவள் வரட்டும். இடப்பக்கம் உங்களுடையது, அதில் ஒருத்தரையும் விடமாட்டேன்.

உங்கள் தம்பி பெண்சாதி,
இராசம்