சன்னல் வழியே நலம் விசாரித்தது

ராஜபாளையம்
14.2.1991

அன்பு மகள் வேலுத்தாய்க்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பம்பாயில் உங்கள் நால்வருக்கும் மடவார் வளாகத்துச் சாமி துணையிருக்கட்டும். எட்டாவது படிக்கும்போது ஒரு கேள்வி கேட்டாய், ஒரே காய்ச்சல்தானே, எனக்கு மூன்று நாளில் விட்டது, பெரியப்பாவை மட்டும் ஏன் ஒரு மாதம் படுக்கப்போட்டது என்று. அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது எனக்கே அறுபத்தேழு, விடை தெரிகிறது. புது டயர் முள்ளையும் தாங்கும், தேய்ந்த டயருக்குச் சின்னக் கல் போதும். காற்றைச் சரியாக வைத்துப் பார்த்து ஓட்டினால் அதுவும் ஊர்போய்ச் சேரும். அதற்குத்தான் காலை நடையும் கேப்பைக் கூழும். அம்மா ஒளித்துவைக்கும் பால்கோவாவை நான் கண்டுபிடிப்பது தனிக் கதை.

ஊரெங்கும் விஷக்காய்ச்சல், மில்லில் பாதி ஆள் இல்லை. நம் வழக்கம் தெரியுமே, ஒருவர் படுத்தால் தெருவே ரொட்டியும் சாத்துக்குடியுமாகக் கிளம்பிவிடும், போகாதவருக்கு ஆயுசுக்கும் பேச்சு. என்னோடு நடக்க வரும் ஐந்து பேர் நம் தெரு ஐயாதுரையைப் பார்க்கப் போய், அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள், மறுவாரம் நான்கு பேர் படுக்கையில். ஐயாதுரையின் மகனுக்கும் அதே காய்ச்சல்தான், மூன்றே நாளில் வேலைக்குப் போய்விட்டான், அவரோ இன்னும் மதுரை ஆஸ்பத்திரியில். இந்த நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் பெரியம்மா செல்லக்கனிக்குக் காய்ச்சல் என்று சேதி. மூச்சிளைப்புக்காரியான உன் அம்மா ரொட்டிப் பொட்டலத்தோடு பஸ் ஏறிவிட்டாள். நானும் கூடப் போய், அவளைத் தெருவிலேயே சன்னலோரம் நிறுத்திவிட்டேன். உள்ளிருந்து பெரியம்மா, "ஏட்டி, மில் கேட்டு வாச்மேன் வேலையில ரிட்டயர் ஆகியும் ஒம் புருசனுக்கு ஆளை வெளிய நிப்பாட்டுத புத்தி போகலையே" என்றாள். தெருவே சிரித்தது. திரும்பும் வழியெல்லாம் அம்மா என்னோடு பேசவில்லை, ஆனால் இதுவரை இருமலும் இல்லை.

நேற்று உன் கடிதம் வந்தது. பிள்ளைகள் இருவருக்கும் காய்ச்சல், ஆனாலும் அம்மாவைப் பார்க்க இருபத்திரண்டாம் தேதி கிளம்புகிறாயாம். மகளை வராதே என்று எழுதக் கை வராமல் இரண்டு இன்லண்டைக் கிழித்துப் போட்டேன். பேரன்களைக் கண்டால் அவள் தள்ளியா நிற்பாள், வாரி மடியில் போட்டுக்கொள்வாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு ஆக்சிஜன் வைத்ததை மறந்திருக்க மாட்டாய். ஆகையால் இப்போது வராதே, தாயே. அம்மாவிடம் இதைச் சொன்னதும், "என்னமும் எழுதுங்க, ஆனா பேரன்களுக்குச் சுட்ட முறுக்குல ஒண்ணைக்கூட நீங்க தொடப்படாது" என்றாள்.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள், குடிக்க வெந்நீரே கொடு. வீட்டில் கடைசி ஆளுக்கும் காய்ச்சல் விட்ட நாளைக் காலண்டரில் சுழித்து, அதிலிருந்து பத்து நாள் எண்ணி, பதினோராம் நாளுக்கு டிக்கெட் எடு.

உன் அப்பா,
சங்கரலிங்கம்