தெரியலீங்க சார்

அன்புள்ள அப்பாவுக்கு,

விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கழிவறை விளக்கின் வெளிச்சத்தில், வார்டனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

காலையில் என்னை விடுதியில் விட வரும்போது, மலையடிவாரத்தில் அந்தப் போலீஸ்காரர் நம் வண்டியை மறித்தாரே. நீங்கள் நேராகத்தான் ஓட்டிவந்தீர்கள். உங்கள் வாயருகே மூக்கை நீட்டி, "காலங்காத்தாலயே ஏத்திக்கினு வர்றியா? ஓரங்கட்டு" என்றார்.

"தின்னது பலாச்சுளைங்க சார், அளிஞ்சி புளிச்சிப்போச்சி. என் பொண்ணக் கேளுங்க" என்றீர்கள்.

"இன்னா பாப்பா, உங்கப்பன் குடிச்சிருக்கானா?"

"தெரியலீங்க சார்" என்றேன்.

அரைமணி நேரம் வெயிலில் நிற்கவைத்து, மெஷினில் ஊதவைத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். நான் போலீசைப் பார்த்துப் பயந்துவிட்டதாக நினைத்து, கள்ளக்குறிச்சி வரும்வரை எனக்குத் தைரியம் சொன்னீர்கள்.

அது பயமில்லை, அப்பா. நீங்கள் குடியை விட்டு இரண்டு வருஷமாகிறது. அந்தப் பலாச்சுளையை நானும்தான் தின்றேன். ஆனாலும் அவர் கேட்டதும், கிளம்புவதற்கு முன் எங்காவது போய்க் குடித்துவிட்டு வந்திருப்பீர்களோ என்று நினைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதைப் படித்த வருத்தத்தில் மறுபடியும் குடிக்கப் போய்விடுவீர்களோ என்று நினைத்து, இதைக் கிழித்துப்போடப் பார்த்தேன். பாருங்கள் அப்பா, இப்போதும் உங்களைச் சந்தேகப்படுகிறேன்.

உங்கள் மகள்