கப்பல் இருந்த இடம்

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நலம். அத்தைக்கு முட்டிவலி மட்டும் விடுவதாக இல்லை. உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கப்பல் வேலையை இன்னும் ஆறு மாதம் நீட்டித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, ஓவியச் சங்கத்தார் கேட்கிறபடி கடல் படத்தைத் திருத்திக் கொடுத்துவிடு, எதற்கு வீண் வம்பு என்கிறீர்கள்.

திருத்த மாட்டேன். செவ்வாய்க்கிழமை சங்கத்துக்கு நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டேன்.

தலைவர் விடவில்லை. கடல் என்றால் நீலமாக இருக்க வேண்டுமாம். நான் பச்சையும் ரோஜா நிறமும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாக அப்பி வைத்திருக்கிறேனாம். மணலில் விழுந்த நிழலை யாராவது ஊதாவில் போடுவார்களா என்று கேட்டார். தூரிகைத் தடம் தெரியாமல் வழவழவென்று தேய்த்துக் கொண்டுவந்தால் கண்காட்சியில் மாட்டுவாராம். நிறங்களைக் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தண்ணீர் அசையும், தேய்த்தால் செத்துவிடும் என்றேன். காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்கு வாருங்கள், நிழலின் நிறத்தைப் பிறகு பேசலாம் என்றும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதினோரு வருடம் காத்திருந்த கண்காட்சி. வழியெல்லாம் அழுதேன், உங்களிடம் மறைப்பானேன்.

சங்கம் மாட்டாவிட்டால் போகட்டும், நம் கூடத்தில் மாட்டுவோம் என்று ஃபிரேம் கடையில் கொடுத்தேன். அங்கே ஒன்று நடந்துவிட்டது, கோபப்படாதீர்கள். கடற்கரையில் வரைந்த அன்று காற்றில் பறந்த மணல் ஈரப் பெயிண்டில் ஒட்டியிருந்ததல்லவா, கடைக்காரர் அதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டியிருக்கிறார். அடிவானத்தில் இருந்த தடித்த வெள்ளைப் பொட்டையும் தெறித்த பெயிண்ட் என்று கத்தியால் பெயர்த்துவிட்டார். அது உங்கள் கப்பல். நீங்கள் போன அன்று, கண்ணிலிருந்து மறைவதற்குள் ஒரே இழுப்பில் வைத்தது.

விஷயம் தெரிந்ததும் மனிதர் கூனிக் குறுகிப்போனார். அதற்குப் பரிகாரமாக, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி தன் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலேயே படத்தை வைத்துவிட்டார். போகிறவர்கள் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். பிறகு நாலடி தள்ளிப் போய் அப்படியே நின்றுவிடுகிறார்கள். நேற்று ஒருவர் பின்னாலேயே நகர்ந்து போய் சைக்கிள்மேல் மோதிக்கொண்டார். அத்தை முதலில் துணி அலசின தண்ணி மாதிரி இருக்கு என்றார். தள்ளி நிற்க வைத்தேன். அலை வருதுடி என்று காலை இழுத்துக்கொண்டார். தலைவரும் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாராம். பார்க்கட்டும்.

பொட்டைத் திரும்ப வைத்துவிடும்படி கடைக்காரர் கெஞ்சுகிறார். முடியாது. கண்ணால் பார்க்காத எதையும் அந்தப் படத்தில் நான் வைக்கவில்லை, இனியும் வைக்க மாட்டேன். இப்போது அங்கே வெறும் கித்தான் துணிதான் தெரிகிறது. கேட்கிறவர்களிடம் கப்பல் போயிருக்கிறது என்கிறேன்.

வெள்ளை ட்யூபில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வேறெதற்கும் அதைத் தொடப் போவதில்லை. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று எழுதுங்கள், படத்தோடு கடற்கரையில் அதே இடத்தில் நிற்கிறேன். ஆறு மாதம் பொறுப்பேன். ஏழாவது மாதம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பெயிண்ட் ட்யூபிலேயே காய்ந்துவிடும்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள்
பிடிவாதக்காரி