கறுப்புப் பெட்டியில் போட்ட சொல்

பாய்,

உன் கறுப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீன் அள்ளும் பிளாஸ்டிக் பெட்டி. ஒரு பக்கக் கைப்பிடி உடைந்ததும் செம்புக் கம்பியால் நீ கட்டிவைத்தாயே, அது. கம்பி பச்சை பூத்துவிட்டது, ஆனால் விடவில்லை. தடைக்காலம் தொடங்கிய அன்று சாமான் அறையைக் கழுவும்போது வலைக்குவியலுக்கு அடியில் கிடைத்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். மீன் வாடை இல்லை, டீசல் வாடைதான் அடித்தது. இஞ்சின் மெக்கானிக் தொட்ட பொருளில் கடல்கூடத் தங்காது போலிருக்கிறது.

இதை எழுதுவது என் மருமகள். எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். உனக்கும் உருது எழுத்தைத் தவிர வேறு வராது. ஆகவே நீ உயிரோடு இருந்திருந்தாலும் இந்த மடலை உனக்கு யாராவது படித்துத்தான் காட்ட வேண்டும். நான் ‘கீது’ என்று சொன்னால் அவள் ‘இருக்கிறது’ என்று எழுதுகிறாள். கேட்டால், “மாமா, வூட்ல எப்டி வேணா இருக்கலாம். காயிதத்துக்கு வரசொல்லோ சட்ட போட்டுகினுதான் வரணும்” என்கிறாள். சரி, போட்டுக்கொள்ளட்டும். ஆனால் நாம் எல்லோரும் வாயால் பேசிக்கொண்டதை மட்டும் சட்டை போடாமல் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது காசிமேட்டில் படகுகள் எல்லாம் கரையில் ஏறி நிற்கின்றன. இரண்டு மாதம் கடலுக்குப் போகக்கூடாது. அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, வண்ணம் பூசுவதுதான் வேலை. சிப்பி வெயிலில் காய்ந்து நாறும் அந்த வாடை உனக்குப் பிடிக்காது. “கலீஜ் நாத்தம், நைனா” என்று மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வாய். ஆனால் அந்தச் சிப்பியை வைத்துத்தான் நீ எனக்குப் பாஷையைப் புரியவைத்தாய். இல்லை, தப்பாகச் சொல்கிறேன். நீ எனக்கும், நான் உனக்கும் புரியவைத்தோம். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள்தானே.

எப்படித் தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீகாகுளத்திலிருந்து அப்பல்ராஜு, ஒரிசாவிலிருந்து பிகாஷ், ஜார்க்கண்டிலிருந்து நாலைந்து பேர் என்று நம் பட்டறைக்கு ஆட்கள் வந்த வருடம். மேஸ்திரி சுத்தியல் கேட்டால் கயிறு வரும், கயிறு கேட்டால் தண்ணீர் வரும். மேஸ்திரி கத்துவார், அவர்கள் சிரிப்பார்கள், அதற்கும் கத்துவார். நீ இஞ்சின் குழியிலிருந்து தலையை நீட்டி, “அரே, மீனையே தினுசு தினுசா பிரிக்கிறோம், பேச்சப் பிரிக்க முடியாதா இன்னா?” என்றாய்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மீன்பெட்டிகளை வரிசையாகப் போட்டோம். நீலப் பெட்டியில் பெயர்கள். கயிறு, ஸ்பானர், பிரஷ் என்று பொருளையே போட்டோம். எடுத்துக் காட்டினால் அவரவர் பாஷையில் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். சிவப்புப் பெட்டியில் வேலைகள். வேலையை எப்படிப் பெட்டியில் போடுவது? வலை மிதவைக் கட்டைகளைப் போட்டோம். ஒரு கட்டையை எடுத்தவன் எழுந்து ஒரு வேலை செய்து காட்ட வேண்டும். இழு, தூக்கு, விடு, குதி. அப்பல்ராஜு ஒருநாள் தன் மாமியார் சண்டை போடுவதைச் செய்து காட்டினான். அதற்கு எல்லாப் பாஷையிலும் சொல் இருந்தது. பச்சைப் பெட்டி ‘எப்படி’க்கு. பெரிய, சூடான, மெதுவாக, சீக்கிரம். கடைசியில் ஒரு பெயின்ட் டப்பா நிறையச் சிப்பி.

சிப்பி எதற்கென்றால், படகு என்று சும்மா சொன்னால் போதாது. படகில், படகுக்கு, படகிலிருந்து. அந்த ஒட்டு தனியாக வராது. சிப்பி மாதிரி பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். தெலுங்கில் ‘படவலோ’, ஒரியாவில் ‘டங்காரே’, அங்கேயும் ஒட்டித்தான் இருக்கிறது. உன் உருதுவில் மட்டும் ‘கஷ்தீ மே’ என்று கொஞ்சம் தள்ளி நிற்கிறது. இஞ்சின் பார்க்க வந்த என்ஜினீயர் ‘இன் த போட்’ என்றார். நீ நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, “இவனுங்க சிப்பிய படகுக்கு முன்னால கட்டி இஸ்துகினு போறானுங்கோ, நைனா” என்றாய். அதோடு விட்டாயா? நம் நான்கு பாஷையிலும் வேலைச் சொல் கடைசியில் வந்து உட்கார்கிறது, இங்கிலீஷில் மட்டும் நடுவில் புகுந்துகொள்கிறது என்று சாயங்காலம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். புது மீன் பிடித்தவன்கூட அப்படிப் பேச மாட்டான்.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். உருதுவில் படகு பெண், கப்பல் ஆண் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. ‘கஷ்தீ ஆயீ, ஜஹாஸ் ஆயா’, படகு வந்தாள், கப்பல் வந்தான் என்று சொல்லிக் காட்டினாய். “அதான் பாய், கப்பலு கரைக்கு வராம தூரமாவே நிக்குது. வந்தா வூட்ல கேள்வி கேப்பாங்கோ” என்றேன். அப்பல்ராஜுவின் பாஷையில் பெண்டாட்டி வந்தாலும் ‘வச்சிந்தி’, படகு வந்தாலும் ‘வச்சிந்தி’. நீ சிரித்தாய். “நீ இன்னா பாய் சிரிக்கிற? எங்கூட்லயும் ‘அது வந்துச்சி’ன்னுதான் சொல்றேன், இன்னும் சோறு போடுது” என்றேன். பிகாஷுக்கு இந்தப் பேஜாரே இல்லை. ஆண், பெண், படகு, எது வந்தாலும் அவனுக்கு ‘ஆசிலா’.

என் மருமகள் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். பெயர், வினை, இடை, உரி என்று பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் நாலு வகைதான் சொல்லிக்கொடுத்தார்களாம். நாம் டப்பாவைச் சேர்த்து நாலு வைத்திருந்தோம், பாய். யாரும் சொல்லாமலே.

ஐந்தாவது இந்தக் கறுப்புப் பெட்டி. வலை இழுத்ததும் நல்ல மீனைப் பிரித்துவிட்டு மிச்சத்தைக் கழிசல் என்று ஒரு பெட்டியில் தள்ளுவோமே, அந்தப் பெட்டி. எதிலும் சேராத சொற்களை இதில் போட்டோம். ஐயோ, சீ, அடச்சே, டேய், ஏய். இதில் ‘ஏய்’யைப் போட்டது நீதான். மேஸ்திரி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிகாஷும் ஏய், அப்பல்ராஜுவும் ஏய். நீ அன்று கோபமாகவே சொன்னாய்: “பேரு எதுக்கு கீது? நீலப் பொட்டில மொதல்ல வர்றது மன்சன் பேரு. இனிமே ஏய்னு கூப்ட்டா எவனும் திரும்பாதீங்கோ.” நான்கு பாஷையிலும் அதைச் சொல்ல வைத்தாய். நானும் தலையாட்டினேன். நல்ல சட்டமாகத்தான் பட்டது. பதினைந்து நாளில் மேஸ்திரியே பல்லைக் கடித்துக்கொண்டு பெயர் சொல்லக் கற்றுக்கொண்டார்.

அப்புறம் அந்த நாள். சொல்லாமல் தாண்டிப் போகலாம் என்றுதான் இருந்தேன். மருமகள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

பிகாஷ் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தான். குழாய்த் தண்ணீர் ஓடி மணல் கரைந்து, படகைத் தாங்கி நின்ற இடப்பக்கத்து முட்டுக்கட்டை சாய்வதை நான்தான் முதலில் பார்த்தேன். எனக்கு உருது தெரியும், ஒரியா கொஞ்சம் தெரியும், பெருமை வேறு. அந்த நேரத்தில் எல்லாம் கலங்கிப்போய் ஒன்றும் வாயில் வரவில்லை. அவன் பெயர்கூட வரவில்லை. “ஏய்” என்றேன். மறுபடியும் “ஏய்” என்றேன். அவன் திரும்பவில்லை. படுத்தபடியே புன்னகைத்ததைப் பார்த்தேன். நீ படகின் மேலிருந்து குதித்து ஓடி வருவதற்குள் கட்டை அவன் வலது பாதத்தின் மேல் விழுந்துவிட்டது.

உயிருக்கு ஒன்றுமில்லை. பாதம் நேராகவில்லை. ஊருக்குப் போய்விட்டான். நீ மறுநாள் பெட்டிகளைக் கழுவி மீன்காரர்களிடம் கொடுத்துவிட்டாய். இதை மட்டும் வலைக்கு அடியில் தள்ளியிருக்கிறாய். “நம்ம வாயாலதான் போச்சி, நைனா” என்றாய்.

மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சுச்சளி முற்றிப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாய். நான் பன்னும் டீயும் வாங்கி வந்தேன். பன்னை நனைத்துக்கொண்டே சொன்னாய்: “ஏய்னு கூப்ட வாணாம்னது தப்பில்ல. அந்தப் பொட்டிய கழிசல்னு கடேசில வெச்சோமே, அதான் தப்பு. மன்சனுக்கு மொதல்ல வர்ற பேச்சு அது. கொயந்த அதத்தான் பேசுது. அத மொதல்ல தொறக்கணும்.”

“பொட்டியும் வாணாம், ஒண்ணும் வாணாம். நீ சாப்புடு” என்றேன்.

“தொறப்ப. உன்னிய எனக்குத் தெரியும்.”

அந்த வாரமே போய்விட்டாய்.

இந்த வருடம் பதினோரு புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். மறுபடியும் சுத்தியல் கேட்டால் கயிறு வருகிறது. முட்டுக்கட்டைகளும் அதே கட்டைகள்தான். வகுப்பு வேண்டும் என்று மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

“கையெயுத்து போடத் தெரியாத ஆளு, வாத்தியார் வேலயா? போன தபா ஒருத்தன் காலு போச்சி, ஞாபகம் கீதா?” என்றார்.

“அது ஞாபகம் கீறதாலதான் கேக்குறேன்” என்றேன். “இல்லாங்காட்டி இன்னொருத்தன் காலு போவும்.”

“என் பட்டறையில வாணாம்.”

பட்டறைக்கு வெளியே, ஐஸ் வண்டி நிற்கும் நிழலில் பெட்டியைப் போட்டேன். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் அப்பல்ராஜு மிச்சப் பேரை இழுத்து வந்தான். மூன்றாம் நாள் தூரத்தில் ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். பிகாஷ். ஊரில் வேலையில்லையாம். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “பாய் எங்கே?”

இவ்வளவு பாஷை பிரித்தோமே, அதற்கு ஒரு பதில் எடுக்க எவ்வளவு நேரமாயிற்று தெரியுமா? கடைசியில் அவன் பாஷையிலேயே சொன்னேன். “பாய் நாஹாந்தி.” இல்லை என்பதை மரியாதையோடு சொல்லும் விதம் அது. அவன்தான் முன்பு சொல்லிக் கொடுத்தது. அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். நான் அவன் காலைப் பார்த்து, எங்களால்தான் என்று தொடங்கினேன். அவன் கையை நீட்டி நிறுத்தினான்.

“ஏய் காதுல கேட்டேன், அண்ணா. ரெண்டு வாட்டி கேட்டேன். நான்தான் திரும்பல. ஊர்ல ஏய், ரயில்ல ஏய், இங்க ஏய். பாய் சொன்னார், திரும்பாதே. அன்னிக்குத் திரும்பாம படுத்திருந்தேன். நல்லா இருந்துச்சு.”

நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் எழுந்து கறுப்புப் பெட்டியைத் தூக்கி எல்லோர் நடுவிலும் வைத்தேன். நீலமும் சிவப்பும் அப்புறம் என்றேன். ஆபத்து என்றால் உங்கள் வாயில் முதலில் என்ன வரும், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றேன். ஐயோ, அம்மோ, ஏ மா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமே. பிகாஷ்தான் சொன்னான். “அரே. பாய் சொல்ற அரே.”

ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாயே, அந்தச் சொல். ஸ்பானர் வழுக்கினாலும் அரே, டீ ஆறினாலும் அரே. அதை எடுத்து ஒரே வேலைக்கு வைத்தோம். அரே என்று கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், அப்புறம்தான் கேள்வி. மற்ற நேரத்தில் யாரும் அதைச் சொல்லக்கூடாது. வீணாகச் சொன்னவன் படகின் அடிக்கட்டையைச் சுரண்ட வேண்டும். ஆள் வேண்டுமென்றால் பெயர், ஆபத்து என்றால் அரே. முதல் வாரம் நான்தான் மூன்று தடவை அடிக்கட்டை சுரண்டினேன். முப்பது வருடம் உன்னோடு இருந்த வாய் அவ்வளவு சீக்கிரம் மூடுமா?

பிகாஷால் இப்போது படகுக்கு அடியில் போக முடியாது. கட்டைகளைக் கண்காணிக்க நான்தான் அவனை நிறுத்தினேன். இந்தப் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருப்பான். மேஸ்திரி கண்டும் காணாத மாதிரி போவார்.

இன்று சாப்பாட்டுக்கு முன்னால் குழாய் பிடித்தவன் கவனிக்கவில்லை. மறுபடியும் அதே இடப்பக்கம், அதே மணல். அடியில் நாலு பேர், கூடவே வேலை சரியில்லை என்று திட்டுவதற்காகக் குனிந்து நுழைந்த மேஸ்திரி. பிகாஷ் குரல் கேட்டது. ஒரே ஒரு அரே. நாலு திசையில் நாலு பேர் உருண்டு வந்தார்கள். மேஸ்திரிக்குப் புரியவில்லை, அப்பல்ராஜு அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். கட்டை நழுவிப் படகு ஒரு சாண் இறங்கி நின்றது. அடியில் இரண்டு பிரஷ்ஷும் மேஸ்திரியின் ஒற்றைச் செருப்பும் கிடந்தன.

மேஸ்திரி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிகாஷைப் பார்த்தார்.

“பிகாஷு” என்றார். பெயர் சொல்லித்தான், இந்த முறை பல்லைக் கடிக்காமல். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “நாளிக்கி எத்தினி மணிக்கு உங்க இஸ்கூலு?”

“சாப்பாட்டுக்கு அப்பால” என்றேன். “உள்ள நெயல் கீது. உள்ளயே வெச்சிக்கலாமா?”

அவர் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை எடுக்கப் போனார்.

கட்டைகளுக்கு அடியில் இனிப் பலகை போட்ட பிறகுதான் தண்ணீர் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நாளை மீன்காரர்களிடம் ஒரு நீலப் பெட்டி வாங்கித் திறக்கப் போகிறேன். முதலில் பதினோரு பேருடைய பெயரும் போகும். அடுத்த வருடம் வேறு ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கும் முதலில் கறுப்பு, அப்புறம் நீலம். என் முட்டி மடங்கும் வரைக்கும் இது நடக்கும், பாய். அதற்குப் பிறகு அப்பல்ராஜு நடத்துவான், கேட்டுவிட்டேன்.

பிகாஷைத் தவிர ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இந்தப் பெட்டியில் உட்கார்ந்து கம்பியைத் தடவினேன். நீ முறுக்கிய முனை விரலில் குத்தியது. உன் சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் நிறுத்தி விழுங்கினேன். தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பிகாஷ் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை என்று கண்டுகொண்டு வேலையைத் தொடர்ந்தான்.