கல்யாணமான அக்கா

நவம்பர் 4, 2018. ஞாயிறு. குயின்ஸ், அமெரிக்கா

கடையில் நல்ல கூட்டம். ஒருவருக்குப் பாதி முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது சொந்த ஊரான புகாராவிலிருந்து நெரியோ அத்தான் போன் செய்தார். "உன் அக்கா சூலாய் இனிமே எந்திரிக்க மாட்டா. வர்றதா இருந்தா இப்பவே வா, பின்ஹாஸ். அப்புறம் வந்து என்ன பண்ணப் போற? வீட்டுக்குள்ளகூட வர மாட்ட."

சுருக்கென்றது. சரியாகத்தான் சொன்னார். நாங்கள் யூதர்களில் கோஹேன் வம்சம், பூசாரிக் குலம். பிணம் இருக்கும் கூரையின்கீழ் நிற்கக் கூடாது. பெற்றவர்கள், மனைவி, பிள்ளைகள், அண்ணன் தம்பி, கல்யாணமாகாத சகோதரி, இவர்களுக்கு மட்டும் விலக்கு. கல்யாணமான அக்காவுக்குக் கிடையாது. ஏழு வயதில் மனப்பாடம் செய்தது. அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

இருபத்தைந்து வருஷமாக "அடுத்த வருஷம் வர்றேன்க்கா" என்றே ஓட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 7, புதன். புகாரா

வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஓட்டலாகிவிட்டன. நான் தங்கியிருப்பது என் பள்ளித் தோழன் வீட்டுச் சமையலறை. இப்போது அதற்கு அறை எண் ஆறு. ஜெபக்கூட வாசலில் சுற்றுலாக் கூட்டம். வழிகாட்டி என்னைக் காட்டி ஏதோ சொன்னான், உடனே நாலு பேர் படம் எடுத்தார்கள். நான் என்ன காட்சிப்பொருளா? வாயில் வந்ததைத் திட்டிவிட்டு உள்ளே போனேன்.

அக்கா எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். பார்த்ததும் அழுதுவிட்டேன். "அழாதடா. அழுதா உன் மூக்கு இன்னும் பெருசாத் தெரியுது" என்றாள்.

நவம்பர் 8, வியாழன்

அக்காவின் தலைக்கு வெந்நீர் ஊற்றிக் கழுவி, சிக்கெடுத்து, நுனி வெட்டிவிட்டேன். "இதுக்கா அமெரிக்காவுல வரிசையில நிக்கறாங்க?" "ஆமா." "புளுகாத."

நவம்பர் 11, ஞாயிறு

இன்று அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். "இந்த மனுஷனைக் கட்டிக்காம இருந்திருந்தா கடைசி வரைக்கும் நீ என் பக்கத்துலயே இருந்திருக்கலாம்ல?"

அத்தான் தேநீர் ஊற்றிக்கொண்டே, "நாப்பது வருஷமா ஒரு காரணம் தேடிட்டிருந்தா. இப்பத்தான் கிடைச்சிருக்கு" என்றார். மூவரும் சிரித்தோம். அக்காவுக்குச் சிரிப்பு இருமலாகி, துணியில் ரத்தம்.

அத்தான் கடைக்குப் போனதும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குடா. அவரு முன்னாடி சொல்ல முடியல. மூச்சு நிக்கப்போகுதுன்னு தெரியறப்ப நீ போ, நான் தடுக்கல. அதுவரைக்கும் கையை விட்டுடாத. சரியா?"

சரி என்றேன். சத்தியம் பண்ணு என்றாள். நாம சத்தியம் பண்ணக் கூடாது, வாக்கு போதும் என்றேன். வாக்குக் கொடுத்தேன்.

நவம்பர் 13, செவ்வாய்

முடிந்துவிட்டது. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு மூச்சு கரகரவென்று இழுத்தது. இங்கே இறந்த பெண்களைக் கழுவும் மஸோல் அம்மாள் வந்து அக்காவின் கால்களைத் தொட்டுப் பார்த்தாள். "சில்லுனு ஆயிடுச்சு. கோஹேன் வெளிய போயிடறது நல்லது" என்றாள். அக்காவின் கண் மூடியிருந்தது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

பத்தாயிற்று. பதினொன்று. உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு அத்தான் கதவைத் திறந்தார். "கண்ணு முழிச்சிட்டா. உன்னைத்தான் கேக்கறா. வா."

"மூச்சு எப்படி இருக்கு அத்தான்?"

"நான் என்ன டாக்டரா? கூப்பிடறா, வாடா!"

நான் போகவில்லை. ஏன்? வாசற்படியைத் தாண்டும்போதே உயிர் போய்விட்டால்? வம்சமே காத்து வந்ததை என் காலத்தில் கெடுக்கவா? இப்படியெல்லாம் அப்போது நினைத்தேனா, இப்போதுதான் ஜோடிக்கிறேனா? பயம். அவ்வளவுதான். அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை.

மூன்று மணிக்கு அழுகை கேட்டது.

ஆறு மணி நேரம். ஆறு மணி நேரம் உயிரோடுதான் இருந்திருக்கிறாள். பாவி நான்.

நவம்பர் 14, புதன்

அடக்கம். நான் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். பத்துப் பேர்கூடப் போகவில்லை.

நவம்பர் 16, வெள்ளி

உடல் போய்விட்டதால் நான் வீட்டுக்குள் வரலாம். ஏழு நாள் துக்கத்தில் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அத்தான் என்னோடு பேசுவதில்லை. ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் தள்ளுகிறார். இன்று வாய்விட்டுக் கேட்டேன், கடைசியில் என்ன சொன்னாள் என்று. "பின்ஹாஸ் இருக்கானான்னு ரெண்டு தடவை கேட்டா. பக்கத்துலதான் இருக்கான்னு பொய் சொன்னேன். என் கையைக் கொடுத்தேன். உன் கைன்னு நினைச்சிருப்பா."

டிசம்பர் 3, திங்கள். குயின்ஸ்

எங்கள் விளக்குப் பண்டிகை தொடங்கிவிட்டது. ஜெபம் முடிந்ததும் எங்கள் மதகுரு ரப்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், நல்ல காரியம் செய்தாய் என்று சொல்வார் என்றுதான். எண்ணெய்ப் பலகாரத்தை மென்றுகொண்டே கேட்டார்.

"அடடா, யாரையாவது கேட்டிருக்கலாமே? உயிரு இருக்கற வரைக்கும் உள்ள இருக்கலாம்னு சொன்ன பெரியவங்க உண்டு. வெளிய போறது கூடுதல் ஜாக்கிரதை, அவ்வளவுதான். கூடப்பிறந்தவ கூப்பிடறான்னா நான் போகச் சொல்லியிருப்பேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து மெல்லுவதை நிறுத்தினார். "தெரியாமத்தானே செஞ்ச? விடு, பின்ஹாஸ்."

கேட்கவில்லை. யாரையும் கேட்கவே இல்லை. கையில் போன் இருந்தது.

டிசம்பர் 4, செவ்வாய்

இன்று காலை ஜெபக்கூடத்தில் நாங்கள் மூன்று கோஹேன்கள். கை கழுவிக்கொண்டு முன்னால் போய் நின்றோம். சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக் கைகளை உயர்த்தினேன். இதற்காகத்தானே இந்தச் சுத்தம், இந்த ஆசீர்வாதத்தைக் கொடுப்பதற்காகத்தானே. முதலில் சொல்லும் வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினோம்: இஸ்ரவேல் மக்களை ஆசீர்வதிக்கும்படி எங்களுக்குக் கட்டளையிட்டவரே என்று. அதன் கடைசிச் சொல் 'அன்போடு'.

அந்தச் சொல் எனக்கு வரவில்லை. ஐம்பது வருஷமாகச் சொல்லி வந்தது. மற்ற இருவரும் அதைச் சொல்லிவிட்டு ஆசீர்வாதத்தைத் தொடர்ந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு, கைகளை மட்டும் தூக்கியபடி கடைசி வரை நின்றேன். சால்வைக்குள் யாருக்கும் தெரியவில்லை. கீழே எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.